இந்தப் பக்கம் பதுளை, அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நமுனுகுல மலையில், தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு காம்பராவில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டியூப் ஒட்டினேன். அந்தப் பெட்டிதான் இன்றைக்கு இரட்டை ஷட்டர் போட்ட சைக்கிள் கடை. மலையை வெட்டி ஒரு வீடு கட்டினேன். மண் சரிந்தது. திரும்பக் கட்டினேன். இப்போது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் நிற்கிறது. ஓடைத் தண்ணீரில் ஒரு சைக்கிள் ரிம்மைச் சுழல விட்டு முழு லயத்துக்கும் பல்ப் எரிய வைத்தேன். மழைக் காலத்தில் டிவியே ஓடியது. வெயில் காலத்தில் படம் வராது, சத்தம் மட்டும் வரும். அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோயில் தேருக்குப் பிரேக் வைத்த முதல் ஆள் நான். எங்கள் ஊர்ச் சரிவில் பிரேக் இல்லாத தேரை இழுத்தால் சாமி நேரே ஆற்றுக்குத்தான் போகும். படித்த என்ஜினியர் ஒருவர் வந்து அந்தப் பிரேக்கைப் பார்த்துத் தலையாட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்பது முக்கியமில்லை.

இதெல்லாம் என் கதை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு டீச்சரைப் பற்றி.

யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர். அங்கிருந்து வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைக்கும்போதே ஊருக்கு இடமாற்றம் எப்போது கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. குளிர், காலைக் கடிக்கும் அட்டை, மாதக்கணக்கில் காயாத துணி. நானே சில நாள் விசாரித்திருப்பேன், எனக்குப் போக இன்னோர் ஊர் இருந்திருந்தால்.

டீச்சரிடம் ஒரு குணம் இருந்தது. உலகத்தில் எதையும் இரண்டில் ஒன்று என்று எடுக்க மாட்டார்.

என் கடைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே வந்து பிளேன்டீ கேட்பார். பாதி குடித்ததும் கோப்பையை நீட்டுவார். "இனிப் பால் விடுங்கோ."

கடைக்காரன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான். "டீச்சர், இது பிளேன்டீயா, பால் டீயா? எனக்கு வெலை சொல்லணும்ல?"

"ரெண்டும் இருக்கட்டுமன்" என்றார்.

எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். மழை வந்தால் மழைக்கோட்டையும் போட்டுக் குடையையும் பிடிப்பார். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, திரும்பும் வழியில் மாதா சொரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவார். தெமோதரை ஸ்டேஷன் என்றால் அவருக்கு உயிர். அங்கே ரயில் மலையைச் சுற்றி வளைந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகும். டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு தரம் நானும் அதே பெட்டியில் இருந்தேன், தெமோதரையில் இறங்க வேண்டியவன். டீச்சர் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்: "பாத்தீங்களே ஐயா. போகவும் போகுது, இஞ்சையே நிக்கவும் நிக்குது. எவ்வளவு நல்ல வேலை!" இறங்கி நின்று யோசித்துப் பார்த்தேன். ரயில்வேக்காரர்கள் மலை உயரத்துக்காகச் செய்ததை இந்தம்மா தனக்காகச் செய்ததாக எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது.

கடைக்கு முதல் தடவை வந்தபோது நல்ல மழை.

"ஐயா, சைக்கிள் ஒண்டு வேணும்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

நான் டீச்சரைப் பார்த்தேன். பிறகு மலையைப் பார்த்தேன். "டீச்சர், இந்த ஊர்ல எறங்கும்போது நாம சைக்கிள் மேல போவோம். ஏறும்போது சைக்கிள் நம்ம மேல வரும்."

"அப்ப பாதி வழி ஓடலாம்தானே?"

யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளை நடக்கப் பழகிய கையோடு சைக்கிள் பழகும் என்பார்கள். சைக்கிள் இல்லாத பெண் அங்கே செருப்பில்லாத பெண் மாதிரி. இங்கே ஒரு பெண் சைக்கிளில் போனால் லயத்தில் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ஏன் முக்கியமான வருஷம் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரம் என்கிற அரசாங்கப் பரீட்சைக்குப் போகிற வருஷம். எங்கள் பிள்ளைகள் மற்றப் பாடமெல்லாம் தாண்டுவார்கள், கணக்கில் விழுவார்கள். கணக்கில் விழுந்தால் மறுநாள் காலை தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டியதுதான். விழுந்ததற்குக் காரணம் மண்டை இல்லை. கணக்கு டீச்சர் எவரும் பரீட்சை வரைக்கும் தங்கியதில்லை. பாதியில் மாற்றம் வரும், போய்விடுவார்கள். இந்த டீச்சருக்கும் மாற்றம் எந்த நேரமும் வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். அண்ணன் கனடாவில்.

சைக்கிள் செய்தி பரவியதும் பள்ளிக்கூடத்தை நடத்துகிற அதிபர் என் கடைக்கு மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் எங்கள் மலை ஆள்தான்.

"அண்ணே, எப்படியாச்சும் மலை ஏறுற சைக்கிளா பாத்துக் குடுத்துருங்க. தடிச்ச டயரு, நெறைய கியரு. ஏறத் தெரிஞ்ச சைக்கிளா இருந்தா அந்தம்மா இங்க இருப்பாங்க. எறங்க மட்டும் தெரிஞ்ச சைக்கிள்னா ஊருக்குப் போயிருவாங்க."

அன்று மாலையே என் கடையில் வைத்து டீச்சரின் போனில் கனடா அண்ணன் வந்தார், படத்தோடு. பின்னால் பனி கொட்டுகிறது. அவருக்கு அதிபருக்கு நேர் எதிர் யோசனை. தங்கச்சிக்கு மெல்லிய டயர் போட்ட சைக்கிள், கியரே இல்லாதது, பின்சக்கரத்தில் பிரீவீலும் இல்லாதது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும்; காலை நிறுத்தவே முடியாது. அப்படி ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்தால் பதுளையில் அது ஒரு மூலைக்கும் உதவாது, தங்கச்சி ஊருக்கு வந்துதான் ஓட்ட வேண்டும், அம்மாவும் நிம்மதியாக இருப்பார். மறைக்காமல் என்னிடமே சொன்னார்.

"தம்பி, பெடல் சேர்ந்து சுத்துற சைக்கிள்னா எங்க கடைக்கு மாசாமாசம் வருது. பிரீவீல் ஜாம் ஆயிருச்சுன்னு ரிப்பேருக்குக் கொண்டு வருவாங்க."

"இஞ்சை ஐயா, அதைத்தான் புதுசா வாங்குகினம்."

"ரிப்பேர் ஆனதையா?"

"அதுக்குப் பேர் பிக்ஸ்ட் வீல்."

டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். "அண்ணா, உனக்கு ஞாபகமிருக்கே? எங்கட அப்பான்ரை சைக்கிள் அப்பிடித்தானே இருந்தது. பிரீவீல் இறுகிப்போச்சு, சாமான் ஒண்டும் வராத காலம், மாத்த ஏலேல்லை. நான் அதிலைதான் ஓடப் பழகினனான். பள்ளிக்கூடம் போனதும் அதிலை. இடம்பெயர்ந்து போனதும் அதிலை." பிறகு என்னைப் பார்த்தார். "காலுக்கு அது விருப்பம் ஐயா. ஆனா இந்த மலையும் ஏற வேணும். ரெண்டும் இருக்கட்டுமன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே சைக்கிள். பதுளைச் சேற்றிலும் ஏற வேண்டும், யாழ்ப்பாணச் சமதரையில் பிரீவீல் இல்லாமலும் ஓட வேண்டும். மாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் சைக்கிளை மாற்றக் கூடாது. உலகத்தில் இல்லாத சாமானைக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லாத சாமானைச் செய்கிறவன் யார் என்றும் நினைத்துப் பார்த்தேன்.

டீச்சர் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே! கடைக்கு வந்த ஒவ்வொரு சைக்கிளையும் போர்டிங் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஏறிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், குளிப்பாட்டுவார். அவர் இருந்த வீட்டு அம்மா ஒரு நாள் கடைக்கு வந்து, "முன் காம்பராவுல உக்கார எடமில்லை, டீச்சரைப் பொண்ணு பாக்க வந்தவங்கள சைக்கிள் சீட்டுல உக்கார வச்சேன்" என்று திட்டிவிட்டுப் போனார். மாப்பிள்ளையும் இரண்டு பேர் வந்திருந்தார்களாம். டீச்சர் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அவர்களாகவே களைத்துப் போனார்கள்.

போர்டிங் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை வேறு ஒரு தினுசு. பாதி தார் ரோடு, பாதி களிமண். நடுநடுவே தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டி, மறுபடி ஏற வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் துள்ளி எழுந்தார்.

"ஐயா! இஞ்சை அப்பிடியே ஒரு போட்டி இருக்கு. சேத்துக்குள்ள ஓடுவினம். தடை வந்தா இறங்கி, சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு ஓடித் திரும்ப ஏறுவினம். அதுக்கெண்டு செய்யிற சைக்கிள்தான் சைக்கிளோகுரொஸ்."

"தூக்கிட்டு மேட்டுல ஏறுவாங்களா?"

"ஓம்."

"மழையிலயும்?"

"மழை பெய்தால்தான் ஐயா சனம் கூடப் பாக்க வரும்."

"தம்பி, அதுக்கு எங்க ஊர்ல பேரு வேலைக்குப் போறது. பாக்க ஒருத்தரும் வர மாட்டாங்க."

ஆனால் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் கிடைத்தால் சாமான் கிடைக்கும். ஜப்பானில் இருந்து கன்டெய்னரில் வந்த பழைய சைக்கிள்களைக் குவித்து வைத்திருக்கும் ஒரு கடை பண்டாரவளையில் இருந்தது. குவியலுக்குள் தலைகீழாகப் புகுந்து ஓர் இரும்புப் பிரேமை இழுத்தேன். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி, சேறு அடைக்காது. முக்கியமான விஷயம் பின்சக்கரம் உட்காரும் காடி: நீளமாகப் படுத்திருந்தது, சக்கரத்தை முன்னும் பின்னும் தள்ளிச் செயினை இறுக்கலாம். இந்தக் காடி இல்லாவிட்டால் டீச்சர் கேட்ட வித்தை நடக்காது. குவியலில் இத்தனை சைக்கிள் கிடக்க என் கை ஏன் அதில் போய் விழுந்தது? கை சும்மா விழாது.

அண்ணன் படத்தில் பார்த்தார். "உதுதான் ஐயா சைக்கிளோகுரொஸ்! ஆனா இரும்பு. பாரம். தங்கச்சி எப்பிடித் தூக்குவா? சரிவராது." உண்மையில் அவருக்குப் பயம் அதுவல்ல. இந்தச் சைக்கிள் பதுளையிலும் ஓடிவிடும் என்பதுதான்.

"நிறுத்துப் பாப்பம்" என்றார் டீச்சர்.

நிறுக்க எங்கே போவது? தோட்டத்தில் ஒரே இடம்தான், கொழுந்து நிறுக்கும் மடுவம். அன்றைக்கும் மழை. கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நிற்க, நாங்கள் சைக்கிளோடும், போனில் அண்ணனோடும் நின்றோம். நிறை எழுதும் கணக்கப்பிள்ளை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சைக்கிளைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். தராசுக் கண்ணாடியில் பனிநீர் படிந்து எண் தெரியவில்லை. துடைத்தார், பார்த்தார், உதடு முணுமுணுத்தது, பிறகு உரக்க நிறையைச் சொன்னார். மிகவும் குறைவான நிறை.

வரிசையில் முன்னால் நின்ற அக்கா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "என்னாங்கய்யா முணுமுணுத்தீங்க? கழிச்சீங்களா?"

"சாக்குக்குக் கழிச்சேன். ஈரத்துக்குக் கழிச்சேன்."

"சைக்கிளுக்கு ஏதுய்யா சாக்கு?"

"மடுவத்துக்கு வந்தா கழிக்காம சொல்றது கெடையாது. அதான் மொறை."

வரிசை முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை, அடுத்த சாக்கைக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் போன் வழியே கனடாவுக்கு இந்தப் பேச்சும் சிரிப்பும் போகவில்லை, உரக்கச் சொன்ன நிறை மட்டும் போயிற்று.

"இரும்பிலையோ!" என்று அண்ணன் கத்தினார். "இஞ்சை காபனிலை செய்த சைக்கிளே இதைவிடப் பாரமாயிருக்குமே! ஐயா, உங்களுக்கு உது எங்கை கிடைச்சது?"

"தேடுனா கெடைக்கும் தம்பி" என்றேன்.

டீச்சர் கணக்கு டீச்சர். எவ்வளவு கழிந்தது என்று மடுவத்திலேயே தெரிந்திருக்கும். மெதுவாக என்னிடம் சொன்னார்: "கழிச்சதும் ஒரு நிறைதானே, கழிக்காததும் ஒரு நிறைதானே. ரெண்டும் இருக்கட்டுமன்." எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் அம்மாவின் கூடையில் கழித்தார்கள், அக்காமாரின் சாக்கில் கழித்தார்கள். அந்தக் கழிவு ஒரே ஒரு தரம்தான் எங்களுக்கு ஆதாயமாக வந்தது. அண்ணன் சம்மதித்தார், செலவையும் ஏற்றார்.

சக்கர வேலை என்னுடையது. பின்சக்கரத்து ஹப்பின் ஒரு பக்கம் பெரிய பிரீவீல் போட்டேன். மலை ஏறவும், இறங்கும்போது கால் சும்மா இருக்கவும். மறுபக்கத்துக்கு ஒரு சின்னப் பிரீவீலை எடுத்து, உள்ளே ஒரு பல்லும் அசையாதபடி வெல்டிங்கில் ஒட்டி இறுக்கினேன். உலகமே பிரீவீல் இறுகக் கூடாது என்று எண்ணெய் விடும்போது நான் ஒருவன் நல்ல பிரீவீலை வேண்டுமென்றே கெடுத்தேன். என் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அது, மனசு வராது. ஸ்பேனர் எடுத்து நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பக்கம் மாறிவிடும்.

டீச்சர் அந்த ஸ்பேனரைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வகுப்பில் பிள்ளைகளுக்கும் காட்டினாராம். "இந்தப் பக்கம் பதுளை, அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். மாற்றம் வந்தா சில்லைத் திருப்புவன்." விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைகள் காலையில் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தார்கள். பதுளைப் பக்கத்துப் பெரிய பல் செயினில் இருந்தால் சத்தமில்லாமல் கொப்பியைத் திறப்பார்கள்.

பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது மாற்றம் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் பதுளையில் கல்வி ஆபீசுக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. டீச்சர் கடைசி நாள் வரை இரண்டும் சொல்லவில்லை. எதிர்பார்த்ததுதான்.

கடைசி நாள் மத்தியானம் அதிபர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, சக்கரத்த திருப்பிட்டாங்க."

"யாரு?"

"பள்ளிக்கூட வாசல்ல வச்சுத் திருப்பிட்டாங்கண்ணே. புள்ளைங்க பூரா ஜன்னல்ல நிக்குதுக. ஊர்ல அவங்க அம்மாவுக்கு மேலுக்கு முடியலையாம், அண்ணன்காரரு காலையில பேசுனாராம். எறங்கிட்டாங்க. நீங்களாச்சும் நிப்பாட்டுங்க."

நான் கடையை விட்டு ரோட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூட வாசலில் இருந்து பஸ் போகிற மலை ரோடு, குறுக்கே கான் இல்லாத ரோடு, இறங்கி என் கடையைத் தாண்டித்தான் கந்தோருக்குப் போகும்.

வழியில் நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள், நான் சேர்த்துக்கொண்டேன். டீச்சர் மனசில் போட்ட திட்டம் இது: வழியில் எல்லா இடத்திலும் நின்று, ஒவ்வொருவரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இறங்குவது. திட்டம் நல்ல திட்டம். ஆனால் சக்கரம் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் இருந்தது, ரோடு பதுளையில் இருந்தது. சமதரையில் பழகிய காலுக்கு மலைச் சரிவு தெரியாது. முதல் வளைவிலேயே பெடல் காலை அடித்துச் சுழற்ற ஆரம்பித்துவிட்டது. பிரேக் கட்டைகள் களிமண்ணில் தேய்ந்திருந்தன. பிடித்தால் ரப்பர் மணம் வந்தது, வேகம் குறையவில்லை. காலை எடுத்தால் பெடல் கெண்டையில் வெட்டும். ஆகவே மிதித்தார். மிதிக்க மிதிக்க வேகம்.

மடுவத்து வாசலில் அந்த அக்கா கூப்பிட்டார். "டீச்சர், சனிக்கிழமை கிளாஸ் இருக்குங்களா?"

நின்று சொல்ல வேண்டியதை ஓடிக்கொண்டே எப்படிச் சொல்வது? "நாளைக்குச் சொல்லுறன்!"

கணக்கப்பிள்ளை படியிறங்கி வந்து கையை நீட்டினார். "டீச்சர், மகளுக்கு அந்த வட்டக் கணக்கு வெளங்கலையாம்!"

"நாளைக்கு வரச் சொல்லுங்கோ!"

கோயில் பூசாரி திருநீற்றுத் தட்டோடு ரோட்டோரம் வந்தார். "நாளைக்கு ஐயா, நாளைக்கு!" எதிரே வந்த பஸ்ஸில் கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "டீச்சர், ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டானாம், கேலிக்கு. "நாளைக்கு!"

என் கண்ணுக்குத் தெரிந்தபோது சேலை முந்தானை காற்றில் கொடியாகப் பறந்தது. முழங்காலைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சுழற்சி. நான் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்தேன்.

"ஐயா விலகுங்கோ! நிக்குதில்லை!"

விலகினேன். தேருக்குப் பிரேக் வைத்தவனுக்கு எப்போது விலக வேண்டும் என்று தெரியும். எதிர்க் கடைக்காரன் பழக்கத்தில் கோப்பையைத் தூக்கினான். "டீச்சர், டீ?"

"நாளைக்கு!"

கந்தோர் வாசலில் பியோன் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். டீச்சரைக் கண்டதும் கேட்டை அகலத் திறந்து, "வாங்க டீச்சர், உங்களத்தான் ஐயா கேட்டுக்கிட்டே இருக்காரு!" என்றார்.

வந்த வேகத்தில் அவருக்கும் அதே பதில்தான். "நாளைக்கு!"

பாலத்தையும் தாண்டி, எதிர் மேட்டில் சக்கரம் தானாகக் களைத்து நின்றதாம்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தார். கால் இரண்டும் நிற்க மறந்து ஆடிக்கொண்டிருந்தன. பெஞ்சில் உட்கார வைத்தேன். சோடா கொடுத்தேன்.

"டீச்சர், கந்தோர் இன்னும் பூட்டல. நடந்தே போயிரலாம்" என்றேன். அதிபர் கேட்டிருந்தால் என்னை உதைத்திருப்பார். ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஆளை நான் எப்படிப் பிடித்து வைப்பது?

"தெரியும் ஐயா."

"பின்ன என்னாங்க?"

"வழியெல்லாம் நாளைக்கு நாளைக்கெண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். எத்தினை பேருக்குச் சொன்னனெண்டு எனக்கே தெரியேல்லை." சோடாப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இப்ப கந்தோருக்குப் போய் இண்டைக்கெண்டு சொன்னா, மற்ற எல்லாருக்கும் சொன்னது பொய்யாப் போகும்."

"கந்தோருக்கும் நாளைக்குன்னுதான் சொல்லிட்டு வந்தீங்க."

"ஓம். அது ஒண்டுதான் பொய்யாப் போகும். ஒண்டு போகட்டும்."

இரண்டில் ஒன்றை அவர் விட்டதை நான் பார்த்தது அப்போதுதான். முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஏதோ செயினைப் பார்ப்பது மாதிரிக் குனிந்துகொண்டேன். டீச்சர் போனை எடுத்து அம்மாவிடம் பேசினார். "அம்மா, பரீட்சை முடியட்டும். முடிஞ்ச உடனை வாறன். மாமியை வந்து உன்னோடை நிக்கச் சொல்லுறன்." மறுபக்கம் என்ன சொன்னார்களோ, டீச்சர் "ஓமம்மா, ஓமம்மா" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக் கைப்பையில் இருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார். சக்கரத்தைப் பதுளைப் பக்கத்துக்குத் திருப்பி மாட்டியது நான்.

மறுநாள் காலை ஊரில் பாதி பேர் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். எல்லோருக்கும் நாளைக்கு என்று சொல்லியிருந்தாரே! அக்கா வந்தார், கணக்கப்பிள்ளை மகளோடு வந்தார், பூசாரி தட்டோடு வந்தார். பஸ் கொண்டக்டரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான், ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

பரீட்சை முடிந்தது. அந்தப் பள்ளிக்கூடம் கணக்கில் அப்படி ஒரு முடிவை அதற்கு முன் கண்டதில்லை. அம்மாவும் நல்லபடியாகவே இருந்தார். டீச்சருக்கு அடுத்த முறை மாற்றம் வந்தது, இந்த முறை பஸ்ஸில் கந்தோருக்குப் போய்ச் சம்மதம் சொன்னார். ஊருக்குப் புறப்பட்ட அன்று சைக்கிளை ரயிலில் ஏற்ற நான்தான் பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். சக்கரத்தை எந்தப் பக்கம் மாட்டிவிட என்று கேட்டேன். பின்சக்கரத்தைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அங்கை போய்ப் பாப்பம் ஐயா."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கென்று புது வகுப்பறை திறந்திருக்கிறார்கள். சுவரில் ஒரு பலகை. என்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியும், வாசித்தேன். கனடா அண்ணன் பெயர் இருக்கிறது, சைக்கிள் வாங்கித் தந்தவர் என்று. தராசு தந்து உதவிய தோட்டத்துத் துரை பெயர் இருக்கிறது. நிறுத்துக் கொடுத்த கணக்கப்பிள்ளை பெயரும் இருக்கிறது, அவர் நிறுத்த லட்சணம் ஊருக்கே தெரியும். அதிபர் தன் பெயரை அடியில் போட்டிருக்கிறார். என் பெயர் இல்லை.

அதிபர் அவர்களே, யோசித்துப் பாருங்கள். அந்தப் பிரீவீலை நான் ஒட்டாமல் விட்டிருந்தால் அன்றைக்கு டீச்சர் மடுவத்தில் நின்றிருப்பார். கோயிலில் நின்றிருப்பார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அழகாகச் சொல்லிக்கொண்டு, கடைசியில் கந்தோர் வாசலிலும் நின்று உள்ளே போயிருப்பார். நிறுத்த முடியாத சக்கரத்தைச் செய்தவன் நான். பலகையில் இடமில்லை என்று நேற்றுப் போனில் சொன்னீர்கள். இடம் இருக்கிறது, நானே அடிக்கோலால் அளந்து பார்த்தேன். கணக்கப்பிள்ளையின் பெயரில் ஈரத்துக்குக் கொஞ்சம் கழியுங்கள். அந்த இடத்தில் எழுதுங்கள்: பின்சக்கரம், இரண்டு பக்கமும், இன்னார் என்று. என் முழுப் பெயரையும் எழுத வேண்டும், அப்பா பெயரோடு.